பெரியப்பாவின் வாடகைக் கடைக் காதல் காமிக்ஸ்: கட்டைப் பிரிப்பதா, அப்படியே ஏலத்துக்கு விடுவதா?

றங்குப்பெட்டி | ஜூலை 9, இரவு 9.40

வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். 1960களில் என் பெரியப்பா ஏகாம்பரம் வீதிப் பக்கம் சின்னதாக ஒரு வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். ஓர் இரவுக்கு ஐந்து சதம். நான் பிறப்பதற்கு முன்பே கடை மூடியாயிற்று. இந்த மாசியில் பெரியம்மாவும் காலமானார். வீட்டை ஒதுக்கியபோது கட்டிலுக்கு அடியில் பூட்டுத் துருப்பிடித்த றங்குப்பெட்டி ஒன்று கிடைத்தது. பணமோ காணி உறுதியோ இருக்கும் என்று எல்லோரும் சூழ்ந்து நின்றோம். திறந்தால் முழுக்க ஆங்கிலக் காதல் காமிக்ஸ்! அட்டைக்கு அட்டை ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள், பின்னால் ஒருவன் வேறொருத்தியுடன் நிற்கிறான்.

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஆங்கிலேயப் புத்தகங்கள் 38. பெரிய அளவு அமெரிக்க இதழ்கள் 24, ஆனால் அவற்றைப் பெரியப்பா ஆறு ஆறாகச் சேர்த்து நான்கு கட்டாகத் தைத்து, தடித்த மட்டை போட்டு, ஓரத்தையும் சீராக வெட்டிவிட்டார். அடியில் சில வாரப் பத்திரிகைகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஊதா மையில் 'வாடகைக்கு' என்ற வட்ட முத்திரை.

ஈரவாடை அடித்ததால் நேற்று மாடியில் வெயிலில் பரப்பினேன். கச்சான் காற்று இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் போட்டது. பொறுக்கி எடுத்துவிட்டேன்.

இவற்றை வெளிநாட்டு ஏலத்தில் விற்கலாம் என்று மகன் சொல்கிறான். கட்டைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் கூடுதல் விலை வருமா? வெள்ளைக்காரக் கடற்படையினர் தளத்தைக் காலி செய்தபோது விட்டுச் சென்ற புத்தகங்கள் இவை என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதையும் விளம்பரத்தில் எழுதப் போகிறேன்.

கொழும்புப் பழசு | ஜூலை 9, இரவு 10.05

முதலில் வெயிலிலிருந்து எடுங்கள். பதிலை நாளை எழுதுகிறேன். இன்றே எடுங்கள்.

கொழும்புப் பழசு | ஜூலை 10, காலை 6.30

நேற்று கத்தியதற்கு மன்னிக்க வேண்டும். அந்தக் காமிக்ஸ் அச்சான தாள் செய்தித்தாளின் தாள்தான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெயில் பட்டதும் பழுப்பாகும், பிறகு முறுகும். அறுபது வருடம் பெட்டி இருட்டில் கிடந்து தப்பிய வெள்ளை நிறத்தை ஒரு வாரம் வெயிலில் போட்டுத் தொலைத்துவிடலாம். வாடை போகவேண்டுமானால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அடியில் ஒரு தட்டு அடுப்புக்கரி, மேலே ஒரு கம்பி வலை, அதன்மேல் புத்தகம். கரி தாளில் படக்கூடாது. பத்து நாள் போதும். அந்துருண்டை போடவே போடாதீர்கள். அந்த மணம் ஏறினால் இறங்காது, வாங்கியவர் திருப்பி அனுப்புவார்.

அடுத்து, ஸ்டேப்ளர் கம்பிகளைப் பாருங்கள். திருகோணமலை உப்புக் காற்றில் துரு ஏறாத கம்பி இருந்தால் அதிசயம். துருவைச் சுரண்ட வேண்டாம்.

கட்டைப் பற்றிப் பிறகு. முன் அட்டையின் தலைப்பு, இதழ் எண், அச்சிட்ட விலை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கடற்படைக் கதையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

நிலாவெளிக் காற்று | ஜூலை 10, காலை 8.15

அழுகிற பெண் படத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்? சூப்பர்மேன், பட்மேன் என்றால் புரிகிறது. பழைய பேப்பர்காரனிடம் கிலோவுக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

ஸ்காபரோவாசி | ஜூலை 10, மாலை 4.20

தம்பி நிலாவெளிக் காற்று, முப்பது வருடத்துக்கு முன் இங்கே கனடாவில் சேகரிப்பாளர்களும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் காதல் காமிக்ஸ் நல்ல நிலையில் கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகள் வாங்கினார்கள், கைமாறிக் கைமாறிப் படித்தார்கள், எறிந்தார்கள். சூப்பர் ஹீரோ வாங்கிய பையன்கள் அடுக்கி வைத்தார்கள்.

இந்த வகையைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? கப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே ஜோ சைமனும் ஜாக் கிர்பியும்தான். 1947 செப்டெம்பர்-ஒக்டோபர் தேதியிட்டு 'யங் ரொமான்ஸ்' முதல் இதழ் வந்தது. விலை 10 சென்ட். அவர்கள் பக்கக் கூலிக்கு வரையவில்லை, இலாபத்தில் பாதி என்று பேசி எடுத்துக்கொண்டார்கள். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து இரண்டு மூன்று வருடத்தில் ஆளுக்கு ஆள் காதல் இதழ் தொடங்கி, சந்தையே தாங்காமல் பலர் இழுத்து மூடினார்கள்.

இன்று ஏலத்தில் பெரிய விலைக்குப் போவது மட் பேக்கர் வரைந்த அட்டைகள். செயின்ட் ஜோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்துக்கு வரைந்த கறுப்பின ஓவியர். 1959இல் 37 வயதில் இறந்துவிட்டார். அவர் வரைந்த பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார். றங்குப்பெட்டி அண்ணன், உங்கள் பெட்டியில் செயின்ட் ஜோன் ஏதும் இருக்கிறதா?

றங்குப்பெட்டி | ஜூலை 11, இரவு 8.50

வெயிலிலிருந்து எடுத்துவிட்டேன். கரி வாங்கி வைத்துவிட்டேன்.

செயின்ட் ஜோன் ஒன்றுமில்லை. 24 அமெரிக்க இதழ்களும் சூப்பர்மேனை வெளியிடும் அதே டி.சி. நிறுவனம். சீக்ரட் ஹார்ட்ஸ், கேர்ள்ஸ் ரொமான்சஸ், ஃபோலிங் இன் லவ் மூன்றும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் 12 சென்ட் என்று அச்சாகி, அதன் பக்கத்தில் கறுப்பு மையில் 9d (ஒன்பது பென்ஸ்) என்று ஒரு சிறு வட்ட முத்திரை. வலது மூலையில் முத்திரைத் தபால்தலை போல ஒரு கட்டம். சின்னப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரு ஷில்லிங். வாரப் பத்திரிகை மூன்று, பெயர் 'மரிலின்', 1956 என்று தேதியே போட்டிருக்கிறது. அவற்றின் மேல் மூலையில் பென்சிலால் 14 என்று எழுதியிருக்கிறது.

சிவகாசி ரசிகன் | ஜூலை 11, இரவு 9.30

ஐயா, சீக்ரட் ஹார்ட்ஸ் 83ஆம் எண் இருக்கிறதா? கட்டைப் பிரிக்காமலேயே பார்த்துச் சொல்லுங்கள்.

றங்குப்பெட்டி | ஜூலை 11, இரவு 9.55

80, 82, 84, 85 இருக்கின்றன. 83 இல்லை. ஏன்?

சிவகாசி ரசிகன் | ஜூலை 11, இரவு 10.20

போச்சு. ஒரு எண்ணில் தப்பிவிட்டது.

1962 நவம்பர் தேதியிட்ட இதழ் அது. அதில் டோனி அப்ரூசோ வரைந்த ஒரு கதையில் ஒரு பெண் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பாள், காதலன் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருப்பான். அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் மறு வருடமே அந்தப் படத்தை எடுத்து, காதலனையும் படகையும் வெட்டிவிட்டு, பெண்ணை மட்டும் பெரிய திரையில் தீட்டினார். அதுதான் 'மூழ்கும் பெண்'. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலக் கதையில் அவளுக்குத் தசைப்பிடிப்பு. ஓவியத்தில் தசைப்பிடிப்பையும் எடுத்துவிட்டார், காதலன் பெயரையும் மாற்றிவிட்டார். அவருடைய இன்னொரு காதல் காமிக்ஸ் நகலான 'நர்ஸ்' 2015இல் 9 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. முதலில் வரைந்த ஓவியர்களுக்கு அதில் காலணா கிடையாது. அன்றைய காதல் காமிக்ஸில் ஓவியர் பெயர் அச்சாவதே அபூர்வம்.

அதனால்தான் அந்த ஓர் இதழை எல்லோரும் தேடுகிறார்கள். 82க்கும் 84க்கும் அந்த யோகம் இல்லை.

கொழும்புப் பழசு | ஜூலை 12, காலை 7.00

இப்போது கடற்படைக் கதைக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்தது 1957 ஒக்டோபர் 15. அமெரிக்கக் காமிக்ஸ் விலை 10 சென்டிலிருந்து 12 ஆனது 1961 முடிவில்தான். 9d முத்திரை இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்த தோர்ப் அன்ட் போர்ட்டர் என்ற விநியோக நிறுவனம் குத்தியது. டொலர்ப் பற்றாக்குறையால் போருக்குப் பிறகு அமெரிக்க இதழ்களை இங்கிலாந்து இறக்குமதி செய்யவில்லை. 1959 வாக்கில்தான் அந்த நிறுவனம் அவற்றைக் கொண்டுவந்து முத்திரை குத்தி விற்றது. ஆகவே கடைசிக் கடற்படைச் சிப்பாய் கப்பலேறி நான்கைந்து வருடம் கழித்துத்தான் உங்கள் 24 இதழ்களும் அச்சாகியே இருக்கின்றன. மூலையில் இருக்கும் 'தபால்தலை' காமிக்ஸ் கோட் என்ற பதிப்பாளர் தணிக்கை விதியின் முத்திரை. 1954க்குப் பிறகு வந்தவற்றில்தான் அது இருக்கும். காதல் கதை குடும்பத்தின் பெருமையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்று அந்த விதியில் எழுதியே வைத்திருந்தார்கள். அதனால்தான் உங்கள் கதைகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் கல்யாணத்தில் முடியும். அதற்கு முந்தியவற்றுக்கு விலை கூடுதல்.

மரிலின் மூன்று மட்டும் 1956. அந்த 14, பத்திரிகை போடவேண்டிய வீட்டின் இலக்கத்தை இங்கிலாந்துக் கடைக்காரர் பென்சிலில் எழுதும் வழக்கம். அது எந்த ஊர் 14ஆகவும் இருக்கலாம். 'கடற்படைத் தளத்திலிருந்து' என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதினால், இந்த விலைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ஓர் ஆள் இரண்டே நிமிடத்தில் உங்களைப் பொய்யராக்குவார். மற்ற விளம்பரங்களையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

சீனன்குடா | ஜூலை 12, மாலை 5.10

நான் எழுபதைத் தாண்டியவன். சீனன்குடா விமானத்தளத்தில் என் தகப்பனார் வேலை செய்தார். கொழும்புப் பழசு சொல்வது சரி. வெள்ளைக்காரன் விட்டுப்போனது தளபாடமும், கண்ணாடிப் பாத்திரமும், ஒரு சில நாய்களும்தான். எங்கள் ஊரில் எது பழசாக இருந்தாலும் 'நேவிக்காரன் விட்டது' என்று சொல்வது வழக்கம். என் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குக்கூட அந்தக் கதை உண்டு. அடியில் பார்த்தால் 1971!

உங்கள் பெரியப்பாவை எனக்கு நன்றாக ஞாபகம். மாதத்தில் ஒருமுறை இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போவார். புறக்கோட்டையில் பழைய பேப்பர் மொத்தக் கடைகளில் ஆங்கிலப் புத்தகத்தை இறாத்தல் கணக்கில் நிறுத்து வாங்குவார். இரண்டு உரச் சாக்கு. அதிகாலை ஸ்டேஷனில் நானும் ஒரு சாக்கைத் தூக்கியிருக்கிறேன், கூலியாக இரண்டு நாள் இலவச வாசிப்பு. நான் எடுத்தது கௌபோய். இந்தப் படங்களை எடுக்க ஆண்பிள்ளைகளுக்குக் கூச்சம்.

றங்குப்பெட்டி | ஜூலை 12, இரவு 9.15

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், கடற்படைக் கதையை அவன்தான் அதிகம் சொல்லித் திரிந்தான்.

ஸ்காபரோவாசி, தரச்சான்று என்கிறார்களே, அது எப்படி? கட்டைப் பிரித்து அனுப்பலாமா?

ஸ்காபரோவாசி | ஜூலை 13, காலை 5.45

சி.ஜி.சி. என்று 2000இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. காமிக்ஸைப் பார்த்து 0.5இலிருந்து 10 வரை புள்ளி போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். நீலச் சீட்டு என்றால் சாதாரணம். ஊதாச் சீட்டு என்றால் கைவைத்துத் திருத்தியது. ஓரம் வெட்டினால் அது திருத்தமாகவே கணக்கு. உங்கள் பெரியப்பாவின் கட்டர் 24 இதழுக்கும் ஊதாச் சீட்டை அன்றைக்கே எழுதிவிட்டது. கட்டைப் பிரித்தால் வெட்டிய ஓரம் வளராது, தையல் ஓட்டைகள் மட்டும் வெளியே தெரியும்.

அதோடு, ஒவ்வோர் இதழையும் அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவு, சான்றுக் கட்டணம், திரும்ப வரும் தபால். இந்த நிலையிலுள்ள 1960களின் டி.சி. காதல் இதழுக்கு அந்தச் செலவே விலையை விழுங்கும். சான்று இல்லாமல் விற்பதுதான் கணக்கு.

ஏலத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுத்தியல் விழும் விலை முழுவதும் உங்கள் கைக்கு வராது, விற்பவரிடம் ஒரு தரகு எடுப்பார்கள். வாங்குபவர் அதற்கு மேல் தனிக் கட்டணம் கட்டுவார், பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அது 20 சதவீதமளவில். அவர் மனதில் 'மொத்தம் இவ்வளவுதான்' என்று வைத்துக்கொண்டே கேட்பார், ஆகவே அந்தக் கட்டணமும் சுற்றிவளைத்து உங்கள் பையிலிருந்துதான் போகிறது. இதை முதல் தடவை விற்கிற எவரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

நிலாவெளிக் காற்று | ஜூலை 13, காலை 9.00

ஒரு சந்தேகம். ஓரம் வெட்டியது, முத்திரை, துரு எல்லாவற்றையும் ஏன் நாமே பட்டியல் போட வேண்டும்? நல்ல படம் நான்கு போடுவோம், மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும். சந்தையில் மீன் விற்பவர் செவுளைத் தூக்கிக் காட்டியா விற்கிறார்?

கொழும்புப் பழசு | ஜூலை 13, காலை 9.20

நல்ல மீன் வைத்திருப்பவர் செவுளைத் தூக்கிக் காட்டித்தான் விற்பார். நீங்கள் நிலாவெளியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்.

நான் அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு கௌபோய் காமிக்ஸை விற்றேன். நடுத்தாள் இரண்டு கம்பியிலிருந்தும் கழன்றிருந்தது. படத்தில் தெரியவில்லை, நானும் எழுதவில்லை. பொதி பெல்ஜியம் போய்ச் சேர மூன்று வாரம், திரும்பி வர ஐந்து வாரம். இரு வழித் தபாலும் என் தலையில், புத்தகம் வரும் வழியில் மழையில் நனைந்து இன்னும் ஒரு குறையோடு வந்தது. அதன் பிறகு கழன்ற தாளை முதல் வரியிலேயே எழுதுகிறேன். விலை குறையும், தூக்கம் வரும்.

சிவகாசி ரசிகன் | ஜூலை 13, பகல் 1.15

கட்டைப் பற்றி நானும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. ஆரம்ப இதழ்களுக்கு இன்றைக்கு ரசிகர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் கிடைப்பதில் பாதி பைண்டிங்தான். அந்தக் காலத்தில் புத்தகத்தின் மேல் பிரியம் உள்ளவன்தான் பைண்டு செய்தான். பாதுகாக்கிறோம் என்று நினைத்து ஓரத்தை வெட்டி, முன் அட்டையைக் கிழித்தெறிந்து, மைதா பசை தடவினான். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், கலக்காத கட்டை இராமபாணப் பூச்சி தின்றிருக்கும்.

நான் ஒரு கட்டைப் பிரித்திருக்கிறேன். முதுகுப் பக்கம் அரை அங்குலம் பசையோடு போய்விட்டது. வசனத்தில் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து இல்லை. பிரிக்காதீர்கள். ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். தமிழில் இரும்புக்கை மாயாவி வந்தார், துப்பறிவாளர்கள் வந்தார்கள், குதிரையில் கௌபோய்கள் வந்தார்கள். காதலுக்கென்று தனி காமிக்ஸ் வரிசை ஒன்று நம்மிடம் வேரூன்றவில்லை. அதற்கு வார இதழ்த் தொடர்கதை போதும் என்று விட்டுவிட்டோம் போல.

றங்குப்பெட்டி | ஜூலை 20, இரவு 10.30

ஒரு குற்ற ஒப்புதல். நீங்கள் எல்லோரும் சொல்லியும் இரண்டாம் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. பிளேடால் மட்டையை எடுத்து, நூலை ஒவ்வொன்றாக வெட்டி, ஈரத்துணியால் பசையை இளக்கினேன். முதல் இரண்டு இதழும் நல்லபடி வந்தன. மூன்றாவதின் பின்னட்டை ஈரத்தில் நான்காவதின் முன்னட்டையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். மாப்பிள்ளையின் முகம் மணமகளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. அத்தோடு நிறுத்திவிட்டேன். மற்ற மூன்று கட்டையும் தொடவில்லை.

ஆனால் பிரித்ததால் இரண்டு விஷயம் தெரிந்தது. மட்டையின் உட்பக்கத்தில் பெரியப்பா பென்சிலால் கணக்கு எழுதியிருக்கிறார். 'ப. 11 வெட்டு - 25 ச.', 'ப. 19 வெட்டு - 25 ச. தரவில்லை', 'ப. 6 எண்ணெய் - 10 ச.' இப்படிப் பதினேழு வரி. பிறகு மற்றக் கட்டுகளின் மட்டையையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருக்கிறது.

இரண்டாவது, அந்த வெட்டுகள். உள்ளே ஏழு பக்கங்களில் சதுரமாகச் சதுரமாக ஓட்டை. விளம்பரக் கூப்பனை வெட்டியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன், ஆனால் கூப்பன் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஓட்டை விழுந்ததெல்லாம் கதைப் படத்தில், பெண் நிற்கும் இடத்தில். தலை மிஞ்சியிருக்கிறது, கழுத்துக்குக் கீழே இல்லை. யாருக்காவது விளங்குகிறதா? கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நிலாவெளிக் காற்று | ஜூலை 20, இரவு 10.50

பேய் வேலை. றங்குப்பெட்டியை மூடுங்கள்.

பவளமல்லி | ஜூலை 21, காலை 10.10

இந்த இழையை மகள் காட்டினாள். கணக்குத் தொடங்கி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். பேய் இல்லை தம்பி. நாங்கள்தான்.

நாங்கள் படித்த காலத்தில் சட்டை தைக்க மாதிரி எங்கே இருந்தது? மத்திய வீதியில் ஒரு தையல்காரர் இருந்தார், அவரிடம் வாயால் சொன்னால் எல்லோருக்கும் ஒரே கழுத்துத்தான் தைப்பார். படம் கொண்டுபோனால் மறுவார்த்தை பேசாமல் அப்படியே வெட்டுவார். சினிமாப் படத்தில் எல்லாம் சேலை. இந்தப் புத்தகத்தில்தான் கழுத்து, கை, இடுப்புப் பட்டி, பின்பக்கப் பொத்தான் எல்லாம் தெளிவாக வரைந்திருக்கும். ஆகவே முகம் வேண்டாம், சட்டை மட்டும் வேண்டும். தகப்பனார் சவரம் செய்து எறிந்த பிளேடு, அடியில் ஒரு பலகைத் துண்டு, ஐந்து நிமிட வேலை. தையல்காரர் துணியோடு அந்தப் படத்தைக் குண்டூசியால் குத்தி வைப்பார், பிறகு அது அவருடைய கம்பியில் போய்ச் சேரும். திருப்பித் தரமாட்டார்.

உங்கள் பெரியப்பா திருப்பிக் கொடுக்கும்போது பக்கம் பக்கமாகப் புரட்டுவார், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு. அதனால் ஒருத்தி பேச்சுக் கொடுப்பாள், மற்றவள் நீட்டுவாள். 'ப. 19 தரவில்லை' யார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், அவள் இப்போது பேரப்பிள்ளை கண்டவள்.

கொழும்புப் பழசு | ஜூலை 21, பகல் 12.05

அம்மா, முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தரவிளக்கத்தில் 'பக்கம் வெட்டப்பட்டது' என்று நூறு தடவை எழுதியிருப்பேன், ஏன் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

றங்குப்பெட்டி, உங்கள் விளம்பரம் இதுதான். 'திருகோணமலை வாடகைப் புத்தகக் கடையின் கட்டுப் புத்தகம். ஓரம் வெட்டியது. முத்திரை உண்டு. ஏழு பக்கங்களில் படம் வெட்டப்பட்டுள்ளது. மட்டையின் உட்பக்கம் கடைக்காரரின் அபராதக் கணக்கு தமிழில்.' அதோடு அந்த மட்டையின் படம். கடற்படைக் கதையை விட இதற்கு மதிப்பு. ஒவ்வொரு சொல்லும் புத்தகத்திலேயே இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது.

ஸ்காபரோவாசி | ஜூலை 21, மாலை 6.40

சின்னப் புத்தகங்கள் 38ஐ மறந்துவிடாதீர்கள். என் கணக்கில் உங்கள் பெட்டியில் விற்பனைக்கு ஏற்றவை அவைதான், அவற்றை யாரும் வெட்டித் தைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் போடாதீர்கள், இங்கிலாந்தில் போடுங்கள். அங்கேதான் அதைப் படித்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் கதைகளில் பலவற்றை வரைந்தவர்கள் ஸ்பெயினின் பார்சிலோனா ஓவியர்கள். பின்னால் வாம்பிரெல்லா என்ற அமெரிக்கத் திகில் காமிக்ஸை வரைந்து பேரெடுத்த பெப்பே கொன்சாலஸ் இப்படி ஆங்கிலேயக் காதல் காமிக்ஸ் வரைந்தவர்தான். ஆகவே ஸ்பெயினிலிருந்தும் கேட்பார்கள். எட்டு, பத்து என்று கட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் தபால் செலவைப் பார்த்து ஓடிவிடுவார்கள்.

றங்குப்பெட்டி | ஓகஸ்ட் 2, இரவு 9.00

மச்சாள் ஒருத்தி கொவென்ட்ரியில் இருக்கிறாள். அவள் பெயரில் ஏலத்தில் போட ஒத்துக்கொண்டாள், பணம் வாங்குகிற தொல்லையும் இல்லை. வாடைக்காற்று மழை தொடங்குவதற்கு முன் அனுப்பிவிட வேண்டும் என்பதால் இன்றைக்கே கட்டினேன். ஒவ்வொரு புத்தகமும் பிளாஸ்டிக் உறையில், எட்டுப் புத்தகத்துக்கு மேலும் கீழும் மட்டை, அதைச் சுற்றி ஒரு சாரத் துண்டு, மறுபடியும் பிளாஸ்டிக். செலோரேப்பை உறையின் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினேன். தபால் கந்தோரில் இருந்தவர் 'உள்ளே என்ன?' என்று கேட்டார். 'காதல் கதை' என்றேன். நிமிர்ந்து என் நரைமுடியைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பவளமல்லி | ஓகஸ்ட் 3, காலை 9.30

அனுப்புவதற்கு முன் ஒன்று கேட்க நினைத்தேன். வெட்டிய சட்டைகளில் அகலக் கழுத்து, முன்னால் பெரிய முடிச்சு வைத்தது ஒன்று இருக்கிறதா? முடிச்சு வெட்டுக்குள் அகப்படாமல் பக்கத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும்.

றங்குப்பெட்டி | ஓகஸ்ட் 3, இரவு 8.20

இருக்கிறது. மூன்றாம் கட்டு, ப. 11. முடிச்சின் ஒரு காது மட்டும் ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மஞ்சள் நிறம். கட்டுகளை இன்னும் அனுப்பவில்லை, சின்னப் புத்தகங்களும் மரிலினும்தான் போயிருக்கின்றன.

பவளமல்லி | ஓகஸ்ட் 3, இரவு 8.45

அது அக்காவுடையது. அவளுடைய கல்யாணப் பதிவுக்குத் தைத்தது. நான் பச்சையில் தைத்தேன், அவளைப் பார்த்து. அந்த 25 சதத்தை அப்பா கட்டினார்.

றங்குப்பெட்டி | ஒக்டோபர் 28, இரவு 10.00

முடிவைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். சின்னப் புத்தகங்கள் நான்கு தொகுதியாகப் போட்டோம். மூன்று விற்றன. ஒன்றில் கடைசி இருபது வினாடியில் இரண்டு பேர் ஏறிக்கொண்டே போனார்கள், மச்சாள் தொலைபேசியில் கிரிக்கெட் வர்ணனை போலச் சொன்னாள். நான்காவதை யாரும் தொடவில்லை, துருக் கம்பி அதில்தான் அதிகம். மரிலின் மூன்றும் ஒரே ஆளுக்குப் போயின. தரகு, தபால் எல்லாம் கழித்து மாடிக் கூரையின் ஒரு பக்கத் தகரம் மாற்றுகிற காசு கிடைத்தது. நாலு பேர் கேட்டால் பெரிய பணம் வந்ததாகச் சொல்லிக்கொள்ள மகனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன்.

முதல், நான்காம் கட்டுகளைச் செப்டெம்பரில் அனுப்பினேன். கொழும்புப் பழசு சொன்ன வரிகளை அப்படியே எழுதிப் போட்டோம், வெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் அந்தந்தக் கட்டுக்கு ஏற்ப மாற்றினோம். கேட்டவர் ஒருவர் மட்டையின் உட்பக்கத்தை இன்னும் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், தமிழ் வரிகளுக்குப் பொருளும் கேட்டார். மச்சாள் எழுதிக் கொடுத்தாள். இரண்டையும் அவரே வாங்கினார். பெரிய விலை இல்லை, ஆனால் நான் பிரித்துக் கெடுத்த இரண்டாம் கட்டை விட ஒவ்வொன்றும் நல்ல விலை.

மூன்றாம் கட்டு விற்பனைக்கு இல்லை. பவளமல்லி அக்கா வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்து எடுத்துப்போனார். தன் அக்காவின் பழைய 25 சதத்தையும் தருவதாக நின்றார். கணக்கில் அது கட்டியாயிற்று என்று மட்டையைக் காட்டினேன்.

கொழும்புப் பழசு | ஒக்டோபர் 29, காலை 6.50

விற்காத தொகுதியை மச்சாளிடமே விடுங்கள். மார்கழியில் மறுபடி போடுங்கள், தொடக்க விலையைப் பாதியாக்குங்கள். துருவை முதல் வரியில் எழுதுங்கள்.

புதியவன்_22 | நவம்பர் 4, இரவு 11.35

வணக்கம். முழுவதும் வாசிக்க நேரமில்லை. சீக்ரட் ஹார்ட்ஸ் 83 இன்னும் இருக்கிறதா? கடைசி விலை என்ன?